வாசிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை: புதிய ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

நடுநிலைப் பள்ளியிலோ உயர்நிலைப் பள்ளியிலோ புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கிறீர்கள். 6, 7, 8 வகுப்புகள் கைக்கு வந்திருக்கின்றன. இரண்டு வாரத்துக்குள் ஒரு விஷயம் கண்ணில் படும். கரும்பலகையில் நீங்கள் எழுதிப்போட்டதை அச்சடித்தாற்போல நோட்டில் எழுதிவைத்திருக்கும் பிள்ளையிடம், “இந்த வரியைப் படிம்மா” என்றால் தலையைக் குனிந்துகொள்ளும். கையெழுத்து அழகாக இருக்கும். எழுதியது என்னவென்றுதான் அதற்குத் தெரியாது. வகுப்புக்கு ஐந்தாறு பேர் இப்படி இருப்பார்கள். சில பள்ளிகளில் பாதி வகுப்பே இப்படி இருக்கும். சுற்றறிக்கைகளில் இவர்களுக்கு ‘மெல்லக் கற்போர்’ என்று பெயர். ஆசிரியர் அறையில் புழங்கும் பெயர்கள் வேறு. அவற்றை நீங்கள் பழகிக்கொள்ள வேண்டாம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியையும் அரசு உதவி பெறும் பள்ளியையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். நாற்பது பேர் வகுப்பு, முக்கால் மணி நேர பீரியட், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், இடையிடையே எமிஸ் (பள்ளித் தகவல்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவேற்றம், பயிற்சி, கூட்டம். இவ்வளவுக்கும் நடுவே என்ன செய்ய முடியுமோ அதை மட்டும் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் 2ஆம் வகுப்பிலோ 3ஆம் வகுப்பிலோ ஏதோ ஓர் இடத்தில் நின்றுவிட்டவர்கள். பாடம் அவர்களை விட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. நம் மாநிலத்தில் 8ஆம் வகுப்புவரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை, நிறுத்திவைப்பதால் பலன் இருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நின்ற இடத்திலிருந்து அவர்களைக் கிளப்பிவிட யாராவது ஒருவர் வேண்டும். கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020 ஜூனில் 1ஆம் வகுப்பில் பெயர் சேர்த்த பிள்ளை, எழுத்து படிக்க வேண்டிய காலத்தில் வகுப்பறையையே பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைதான் 2025 ஜூனில் 6ஆம் வகுப்புக்கு வந்தது. அதனிடம் 6ஆம் வகுப்புப் பாடத்தையே மெதுவாக, சத்தமாக, மூன்று தடவை நடத்தினாலும் ஒன்றும் ஆகாது. நின்ற இடம் எது என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குவதுதான் வழி. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

முதல் பத்து நாள்: யார் எங்கே நிற்கிறார்கள்?

போன வருட மதிப்பெண் பட்டியலை நம்பாதீர்கள். வளரறி மதிப்பீட்டு (பருவத்தின் நடுவே வகுப்பிலேயே ஆசிரியர் போடும்) மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்பது சீக்கிரமே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்காரவைத்து நீங்களே பாருங்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். மதிய உணவுக்குப் பிறகு, வராந்தாவில், மற்ற பிள்ளைகளின் காதுக்கு எட்டாத இடத்தில்.

வாசிப்புக்கு நான்கு படி வைத்துக்கொள்ளுங்கள்: தனி எழுத்துகள், இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள், 1ஆம் வகுப்பு அளவில் நான்கு வரி, 2ஆம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதை. கணக்குக்கு ஓரிலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்கத்தை ஓரிலக்கத்தால் வகுத்தல். 2005 முதல் நாடெங்கும் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்டுவரும் ஏசர் (ASER) என்ற கற்றல்நிலைக் கணக்கெடுப்பில் பயன்படுவது இதே படிநிலைதான். ஒரே தாளில் முடிந்துவிடும், அச்சடிக்கக்கூட வேண்டாம். நான்கு வரிப் படியில் தொடங்குங்கள். திணறினால் ஒரு படி இறங்குங்கள், சுலபமாகப் படித்தால் ஒரு படி ஏறுங்கள்.

மதிப்பெண் போட வேண்டாம். என்ன தவறு செய்தது என்பதை அப்படியே எழுதிவையுங்கள். மதிப்பெண் எதையும் சொல்லாது, தவறு எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஒரு பையன் 52–லிருந்து 27–ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறான். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர்ந்தால் அவனுக்குக் கழித்தல் வராது என்பது மட்டும்தான் தெரியும். “எப்படிப் போட்ட? சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். “ஏழுல ரெண்டு போனா அஞ்சு சார், அஞ்சுல ரெண்டு போனா மூணு” என்பான். அவனுக்குக் கழித்தல் தெரிகிறது! பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகப் பொருத்துகிறான். 52 என்பது ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. ‘முந்நூற்று ஐந்து’ என்று சொல்லி எழுதச் சொன்னால் 3005 என்று எழுதுவதும் இதே பையனாகத்தான் இருப்பான். இரண்டுக்கும் வேர் ஒன்றே, இடமதிப்பு. அதைச் சரிசெய்தால் கழித்தலும் சரியாகும், பெருக்கலும் சரியாகும், பின்னால் வரும் தசமமும் சரியாகும்.

பத்து நாள் முடிவில் உங்களிடம் ஒரு நோட்டு இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம், அதில் வாசிப்பு எந்தப் படி, கணக்கு எந்தப் படி, என்ன தவறு. வருடம் முழுக்க இந்த நோட்டுதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

படிப்போடு சம்பந்தமில்லாத காரணங்களையும் பார்த்துவிடுங்கள்

கண் சரியாகத் தெரியாத பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். கடைசி வரிசையில் உட்காரவைத்துக் கரும்பலகையில் இருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள்; பிறகு அதையே கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கையில் கொடுத்தால் படிக்கிறது, பலகையில் முடியவில்லை என்றால் கண் பரிசோதனை முதல் வேலை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் கண்ணாடி இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே தயாராக வைத்துக் கொடுங்கள். காது கேட்பதையும் பாருங்கள். பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே ஓரளவு தெரிந்துவிடும்.

மாதத்தில் பத்து நாள் வராத பிள்ளைக்கு எந்தக் கற்பித்தல் உத்தியும் உதவாது. ஏன் வரவில்லை என்று கேளுங்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இருக்கலாம். கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ குடும்பத்தோடு போய்வருவதாக இருக்கலாம். திருப்பூர், கோயம்புத்தூர், சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் பிள்ளைகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை தமிழ்ப் பேச்சு. அது வந்த பிறகுதான் எழுத்து.

இன்னொரு வகையும் உண்டு. வாயால் கேட்டால் டாண் என்று பதில் சொல்லும், பாடத்தைக் கதையாகச் சொன்னால் அவ்வளவும் நினைவில் இருக்கும், ஆனால் எழுத்து மட்டும் மாதக்கணக்கில் உழைத்தாலும் நகராது. அங்கே கற்றல் குறைபாடு இருக்கலாம். நீங்களாக முத்திரை குத்தாதீர்கள். வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. இதை 8ஆம் வகுப்பிலேயே தொடங்கிவிட வேண்டும். 10ஆம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் ஓடினால் காகிதம் நகர்வதற்குள் தேர்வு வந்துவிடும்.

தினமும் முப்பது நிமிடம்

வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் என்று வைப்பது வேலைக்கு ஆகாது. தினமும் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள். எங்கே கிடைக்கும் அந்த அரை மணி? காலை வழிபாட்டுக்கு முன், மதிய இடைவேளையின் கடைசிப் பகுதி, நூலக பீரியட். விளையாட்டு பீரியடில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு, தான் கெட்டிக்காரன் என்று தெரியவரும் ஒரே இடம் அதுதான். தலைமை ஆசிரியரிடம் பேசும்போது உங்கள் நோட்டைக் காட்டிப் பேசுங்கள். “சிக்ஸ்த்ல பதினோரு பேருக்கு எழுத்துக் கூட்டக்கூட வரலை சார்” என்று பெயரோடு சொன்னால் மறுப்பது கஷ்டம்.

முடிந்தால் 6, 7, 8 மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் படிநிலைப்படி கலந்து பிரியுங்கள். எழுத்து தெரியாதவர்கள் ஒரு குழு, சொல் வரை வந்தவர்கள் ஒரு குழு, வரி வரை வந்தவர்கள் ஒரு குழு. வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் கற்பிக்கும் இந்த முறையைப் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் பல மாநிலங்களில் செய்து காட்டியிருக்கிறது. ஆய்வுகளிலும் பலன் தெரிந்திருக்கிறது. 2022இல் தொடக்க வகுப்புகளுக்காகத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம் நடக்கிறது. பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் அதன் பயிற்சி நூல்களும் அட்டைகளும் இருக்கும், கேட்டால் தருவார்கள். மேல் வகுப்புகளுக்கு 2025இல் வந்த ‘திறன்’ இயக்கத்தின் பயிற்சி நூல் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

குழு என்பது நிரந்தர இருக்கை ஆகிவிடக் கூடாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த ஐந்து நிமிடச் சோதனையைத் திரும்ப வையுங்கள். ஏறியவர்களை உடனே அடுத்த குழுவுக்கு அனுப்புங்கள். ‘எழுத்துக் குழு’ காலியாவதைப் பிள்ளைகளே கவனிப்பார்கள்.

எழுத்துக் குழுவில் என்ன செய்வது?

247 எழுத்தும் கொண்ட அட்டையைச் சுவரில் மாட்டி, முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இந்தப் பிள்ளைகள் அந்த அட்டையை ஏற்கெனவே பல வருடம் பார்த்திருக்கிறார்கள். ‘க, கா, கி, கீ’ என்று பாட்டாகப் பாடவும் செய்வார்கள். ‘கூ’வை மட்டும் தனியே எழுதிக் காட்டினால் முழிப்பார்கள், அல்லது க–விலிருந்து பாட்டைப் பாடிக்கொண்டு வந்து கூ–வில் நிறுத்துவார்கள்.

மூன்று எழுத்து எடுங்கள்: ப, ட, ம. புள்ளி வைத்தால் ட், ம். இதை வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிட்டன. முதல் நாளே பிள்ளை ஒரு சொல்லைத் தானாகப் படித்துவிட்டுப் போகிறது. வருடக்கணக்காக அதற்கு இது நடக்கவில்லை என்பதை மறக்காதீர்கள். அடுத்து க, ர, ல சேருங்கள்: மரம், கல், பல், பகல், கடல். எழுத்துகளைச் சேர்ப்பது மெதுவாக இருக்கட்டும், சொற்கள் நிறைய வரட்டும்.

பிறகு குறியீடு. இங்கே ஒரு சின்ன மாற்றம் பெரிய வித்தியாசத்தைத் தரும். க–வின் பன்னிரண்டு வடிவங்களையும் வரிசையாக நடத்தாமல், ஒரு குறியீட்டை எடுத்து எல்லா எழுத்திலும் போட்டுக் காட்டுங்கள். துணைக்கால் தெரிந்துவிட்டால் கா, பா, மா, டா, ரா, லா எல்லாம் ஒரே நாளில் வரும். கால், பால், பாடம், மாடம், காகம். அதே போல கி–யில் வரும் மேல்விலங்கு, கெ–யில் வரும் ஒற்றைக் கொம்பு. உகர, ஊகார வரிசைக்கு மட்டும் அதிக நாள் ஒதுக்குங்கள். கு, சு, டு, து, பு, ரு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அங்கே ஒரே விதியை வைத்து எல்லாவற்றையும் படித்துவிட முடியாது. பிள்ளை அங்கே திணறினால் அது பிள்ளையின் குறை இல்லை.

ஒகரமும் அப்படி ஓர் இடம். ‘கொடி’ என்று எழுதிக் காட்டினால் ‘கெ... கா... டி’ என்று படிக்கும் பிள்ளையை நிச்சயம் பார்ப்பீர்கள். அது கண்ணில் படுவதைத்தான் படிக்கிறது. முன்னால் கொம்பு, பின்னால் கால். இரண்டும் ஒரே ஒலிக்கான ஒரே குறியீடு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. ‘கெ’, ‘கா’, ‘கொ’ மூன்றையும் மூன்று அட்டையில் எழுதுங்கள். மூன்றையும் நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள், பிள்ளை சொல்லட்டும். அட்டைகளைக் கலைத்துப்போட்டு, நீங்கள் சொல்லும் ஒலியை அது தொடட்டும். பிறகு நீங்கள் தொடுவதை அது சொல்லட்டும். ஐந்து நிமிடத்தில் கை தயங்காமல் போகும். உடனே சொற்களுக்கு வாருங்கள்: கொடி, கொசு, பொரி, தொடு. மறுநாள் கோ, போ, தோ சேர்த்து ஜோடியாக: கொடி–கோடி, தொடு–தோடு. ஜோடியாகக் கொடுத்தால்தான் குறிலும் நெடிலும் காதில் பிரியும். முப்பது நிமிடத்தில் இது ஒன்று மட்டும் நடந்தால் போதும்.

சொல் வந்த பிறகு வரி. இங்கே பாடப்புத்தகத்தை மூடிவையுங்கள். பிள்ளையையே பேசவிட்டு, அது சொன்னதை நான்கு வரியாகப் பலகையில் எழுதுங்கள். “நேற்று எங்கள் ஆடு குட்டி போட்டது. குட்டி வெள்ளையாக இருந்தது.” தான் சொன்னதைத் தானே படிப்பதால் அடுத்த சொல் என்ன என்று அதற்கு ஓரளவு தெரியும், தைரியமாகப் படிக்கும். அந்த நான்கு வரியை நோட்டில் எழுதிக்கொண்டு நான்கு நாள் திரும்பத் திரும்பப் படிக்கட்டும். எழுத்துக் கூட்டுவது குறைந்து ஓட்டம் வரும்போதுதான் பொருளைப் பற்றி யோசிக்கவே மூளையில் இடம் கிடைக்கும். ர–ற, ல–ள–ழ பிழைகளை இந்தக் கட்டத்தில் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், அதற்குக் காலம் வரும்.

கணக்குக்கு குச்சிக் கட்டு

52–27 பையனிடம் திரும்பி வருவோம். விளக்குமாற்றுக் குச்சியை ஒரே அளவாக ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து கட்டு, இரண்டு குச்சி, இதுதான் 52. “இதிலிருந்து 27 எடுத்துக் கொடு.” இரண்டு கட்டை எடுத்துக் கொடுப்பான். ஏழு குச்சிக்கு வரும்போது கையில் இரண்டுதான் இருக்கும். கொஞ்ச நேரம் பார்ப்பான். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். ஒரு கட்டைப் பிரிக்கலாமா என்று அவனே கேட்பான், அல்லது கேட்காமலே பிரித்துவிடுவான். ‘கடன் வாங்குதல்’ என்று இத்தனை நாள் சொன்னது இதைத்தான். மிச்சத்தை எண்ணினால் 25.

ஒரு வாரம் குச்சி. அடுத்த வாரம் குச்சிக்குப் பதில் நோட்டில் கோடும் புள்ளியும் வரைந்து. அதற்கு அடுத்து எண் மட்டும். எண்ணுக்குப் போன பிறகு தவறு வந்தால் குச்சியை எடுத்து வைத்து அவனையே சரிபார்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்று படியில் நடுப்படியைத் தாண்டிவிடுகிறவர்கள் அதிகம். அப்புறம் “குச்சி வச்சா வருது, இல்லாட்டி வரலை” என்று சொல்வார்கள். வாய்ப்பாடு தெரியாதவர்களைப் பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கவைக்க வேண்டாம். 2, 5, 10 முதலில். பிறகு 3, 4. மற்றவற்றை இவற்றிலிருந்து கட்டிக்கொள்ளலாம். ஏழாறு தெரியாவிட்டால் ஐயாறு முப்பது, ஈராறு பன்னிரண்டு, கூட்டினால் 42.

உங்கள் வழக்கமான பீரியடில்

அரை மணி நேரம் போக மீதி நாள் முழுக்க இந்தப் பிள்ளை உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது. எல்லாவற்றையும் அதற்காக மாற்ற வேண்டியதில்லை. சில பழக்கங்கள் போதும், அவை நன்றாகப் படிக்கிறவர்களுக்கும் நல்லது.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கேட்டதற்கும் அடுத்த வார்த்தைக்கும் இடையே ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் விடுகிறார்கள் என்று 1970களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் கண்டறிந்தார். அதை மூன்று விநாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். கேள்வியை முதலில் கேளுங்கள், மூன்று வரை மனதில் எண்ணுங்கள், பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற முப்பத்தொன்பது பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

கை தூக்கச் சொல்வதைக் குறைத்துச் சிலேட்டைக் கையில் கொடுங்கள். சிலேட்டு இல்லையென்றால் பழைய அட்டையின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மார்க்கரால் எழுதலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதித் தூக்கிக் காட்டட்டும். யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். “எல்லாருக்கும் புரிஞ்சுதா?” என்று கேட்டால் “புரிஞ்சுது சார்” என்றுதான் வரும். அந்தக் கேள்வியால் ஒரு பயனும் இல்லை.

கணக்கில் ஒரு மாதிரியை நீங்கள் முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். அடுத்ததில் கடைசிப் படியை மட்டும் அவர்கள் போடட்டும். அதற்கடுத்ததில் கடைசி இரண்டு படி. இப்படிப் பின்னாலிருந்து விட்டுக்கொண்டு வந்தால் ஒவ்வொரு கணக்கும் விடையில் போய் முடியும், பிள்ளைக்கும் முடித்த திருப்தி இருக்கும். சமூக அறிவியல், அறிவியல் பாடங்களுக்கு முன்னால் ஐந்து சொல்லைப் பலகையில் எழுதி எல்லோரும் சேர்ந்து படித்துவிடுங்கள். ‘நிலத்தடி நீர்’, ‘நீராவி’, ‘ஆவியாதல்’ மூன்றையும் முன்பே பார்த்துவிட்ட பிள்ளைக்கு அந்தப் பக்கம் அவ்வளவு அந்நியமாக இருக்காது. 2018இலிருந்து வந்த புதிய பாடநூல்களில் உள்ள க்யூஆர் குறியீட்டைப் போனில் காட்டிக் காணொளியை ஒருமுறை போட்டுவிட்டால், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் பாடத்தின் பொருள் போய்ச் சேரும். வாசிப்பு வரும்வரை அறிவை நிறுத்திவைக்கக் கூடாது.

நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தரச் சொல்வது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. பெரும்பாலும் அங்கே நடப்பது பார்த்து எழுதுவதுதான். ஜோடி போடுங்கள், ஆனால் இருவருக்கும் வேலை பிரித்துக் கொடுங்கள். ஒருவர் கேள்வி படிக்க, இன்னொருவர் வாயால் பதில் சொல்ல, பிறகு மாற்றிக்கொள்ளட்டும். நிலையில் ரொம்பத் தூரம் இல்லாத இருவரைச் சேர்ப்பது நல்லது.

பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதும் வேலையைக் கூடுமானவரை குறைத்துவிடுங்கள். இதில் நான் கறாராகவே இருக்கிறேன். வினா விடையைப் பக்கம் பக்கமாக எழுதிய நோட்டு, மேற்பார்வைக்கு வருகிறவர் கண்ணுக்கு நன்றாக இருக்கும். எழுதிய பிள்ளைக்கு அதில் ஒன்றும் இல்லை. பத்துத் தடவை எழுதிவரச் சொல்லும் தண்டனைக்கும் அதே கதிதான்.

மறப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்

“நேத்து நல்லா சொன்னான், இன்னைக்கு மறந்துட்டான்” என்று எல்லா ஆசிரியரும் சொல்வோம். மறப்பது இயல்பு, அதற்கு ஏற்பாடுதான் வேண்டும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். படித்துவிட்டுத் தாளை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் சொன்னார்கள்.

இதை வகுப்பில் செய்வது சுலபம். பீரியடின் முதல் ஐந்து நிமிடத்தில் நான்கு கேள்வி. நேற்றையது இரண்டு, போன வாரத்தது ஒன்று, போன மாதத்தது ஒன்று. மதிப்பெண் கிடையாது, திருத்தவும் வேண்டாம், அவர்களே சரிபார்த்துக்கொள்ளட்டும். நான்கில் ஒன்றாவது உங்கள் கடைசி வரிசைப் பிள்ளைக்கு நிச்சயம் தெரிந்ததாக இருக்கட்டும்.

சொல்லும் சொல்

மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். விடைத்தாளைக் குப்புற வைத்துக் கொடுங்கள். மதிப்பெண் வரிசைப்படி இடம் மாற்றி உட்காரவைக்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனதை வதைப்பதையும் தடை செய்கிறது. எல்லோர் முன்னாலும் “உனக்கெல்லாம் எங்க வரப்போகுது” என்பதும் அதில்தான் சேரும் என்று நான் நினைக்கிறேன்.

பாராட்டும்போது எதற்கு என்று சொல்லுங்கள். “வெரி குட்” என்றால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. “கொம்பு வர்ற இடத்துல இன்னைக்கு ஒரு தடவைகூட நிக்கல நீ” என்றால் அது வீட்டில் போய்ச் சொல்லும்.

பத்தாம் வகுப்பு கையில் இருந்தால்

மேலே சொன்னதெல்லாம் காலம் இருக்கும்போது. 10ஆம் வகுப்பில் ஜனவரி மாதம் வந்துவிட்டது, பிள்ளைக்கு 35 எடுப்பதே சந்தேகம் என்றால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். கணக்கில் 8 மதிப்பெண் கேள்வி இரண்டு, ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். இரண்டிலும் ‘அல்லது’ போட்டு இரண்டு கேள்வி இருக்கும், ஒன்றை எழுதினால் போதும். ஆக 16 மதிப்பெண். இவற்றுக்கு வேண்டியது கவனமான கையும் கொஞ்சம் பயிற்சியும். பல வருடம் கணக்கை வெறுத்த பிள்ளைகூட முக்கோணம் வரைவதில் ஈடுபாடு காட்டும். 14 ஒரு மதிப்பெண் கேள்விகளுக்குப் புத்தகப் பயிற்சியை வாயால் கேட்டுக்கொண்டே இருங்கள். உறவுகளும் சார்புகளும், நிகழ்தகவு, புள்ளியியல் பாடங்களில் நேரடிக் கணக்குகள் சிலவற்றைத் தேர்ந்தெடுங்கள். அறிவியலில் செய்முறைக்கு 25 இருக்கிறது, அதைச் சும்மா போடும் மதிப்பெண்ணாக விட்டுவிடாமல் நிஜமாகவே செய்யவையுங்கள்.

‘மினிமம் மெட்டீரியல்’ என்று, தேர்ச்சிக்குப் போதுமான கேள்வி பதில்களை மட்டும் தொகுத்து, கையில் ஒரு கட்டு கொடுப்பது கடைசி மூன்று மாதத்துக்குச் சரி. 9ஆம் வகுப்பிலேயே அதைத் தொடங்குவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். தேர்ச்சி பெற்று 11ஆம் வகுப்புக்குப் போகிறவன் அங்கே மறுபடி அதே கடைசி வரிசையில் உட்காருவான்.

வீட்டோடு பேசும்போது

பெற்றோரைக் கூப்பிடுவது குறை சொல்ல மட்டும் என்றால் அடுத்த தடவை வரமாட்டார்கள். முதல் சந்திப்பில் பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். சும்மா சொல்லாதீர்கள், நோட்டில் காட்டிச் சொல்லுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களைப் பகல் பதினோரு மணிக்கு வரச் சொல்வது அவர்களின் ஒரு நாள் சம்பளத்தைக் கேட்பது. சாயங்காலம் போனில் பேசலாம்.

“எனக்குப் படிப்பு வராதுங்க, நான் என்ன சொல்லிக்குடுக்க?” என்று பல அம்மாக்கள் கேட்பார்கள். சொல்லித்தர வேண்டாம், கேட்டால் போதும் என்று சொல்லுங்கள். “ராத்திரி சமைக்கும்போது பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்து படிக்கச் சொல்லுங்க. தப்பா சரியான்னு பாக்க வேணாம். என்ன கதைன்னு கடைசியில கேளுங்க.” இதை நிஜமாகவே செய்யும் வீடுகள் இருக்கின்றன. பிள்ளையின் வாசிப்பில் அந்த வித்தியாசம் தெரியும்.

வருடக் கடைசியில்

ஏப்ரலில் அந்த ஐந்து நிமிடச் சோதனையைக் கடைசியாக ஒருமுறை வையுங்கள். ஜூனில் எழுதிய பக்கத்திலேயே அதற்குக் கீழே எழுதுங்கள். எல்லோரும் கதை வாசிக்கும் நிலைக்கு வந்திருக்க மாட்டார்கள். இரண்டு படி ஏறியவர்கள் இருப்பார்கள், ஒரு படி ஏறியவர்கள் இருப்பார்கள், ஒன்றிரண்டு பேர் நின்ற இடத்திலேயே இருப்பார்கள். நகராதவர்களுக்குப் பக்கத்தில் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள், கண் பார்த்தாயிற்றா, சிறப்பாசிரியர் பார்த்தாரா, எந்தக் குறியீடு வரை வந்தது என்று.

அடுத்த வருடம் அந்த வகுப்பு வேறு ஆசிரியர் கைக்குப் போகும். நீங்கள் மாறுதலில் போனாலும் போகலாம். நோட்டை ஜெராக்ஸ் எடுத்து அவர் கையில் நேரடியாகக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தால் அவருக்கு ஜூன் மாதத்தில் பத்து நாள் மிச்சம்.